அப்பாவின் போனுக்கு வந்த மல்லி விலை

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகம். கல்யாணத்துக்கு முன்பு நானும் புரோகிராம் எழுதியவள்தான். ஆனால் வீட்டில் இருந்த வருடங்களில் எல்லாமே மாறிப் போயிருந்தது. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள் ஒட்டன்சத்திரத்துப் பெண். என்னைவிட இளையவள். கோயம்புத்தூரில் இருந்தபடி வீடியோவில் பேசுவாள்.

முதலில் என் கைக்கு வந்தது பூ மார்க்கெட் வியாபாரிகளுக்கான அப்ளிகேஷன். காலையில் விலை முடிவானதும் அதை விவசாயிகளின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும். யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனது. மல்லி, முல்லை, சம்பங்கி மட்டும்தான் அதில் இருந்தன. கனகாம்பரத்தைச் சேர்க்க வேண்டும். நான் மாற்றியது சரியா என்று பார்க்க, பதிவு செய்த விவசாயி ஒருவரின் எண் தேவைப்பட்டது.

சாணார்பட்டிப் பக்கம் அப்பாவுக்கு மல்லித் தோட்டம் இருக்கிறது. கேட்டதும், "என் நம்பரப் போட்டுக்கம்மா, இதுக்கு என்ன இம்புட்டு யோசன" என்றார்.

அந்தப் புரோகிராமில் விலைச் செய்தியைத் தயாரிக்கும் கிளாஸ், அதாவது தனி வேலைக்கான ஒரு பகுதி, இருந்தது. எஸ்எம்எஸ்ஸை அனுப்பும் கருவியான ஆப்ஜெக்டையும் 'நியூ' என்ற கட்டளை போட்டு அதுவே தனக்குள் உருவாக்கிக்கொள்ளும். அதனால் செய்தியின் வாசகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நிஜமாகவே ஒரு எஸ்எம்எஸ் போய்விடும். நான் சோதனைக்கு 'மல்லி கிலோ 1 ரூபாய்' என்று கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் காலை அப்பா கூப்பிட்டார்.

"ஏம்மா, பக்கத்துத் தோட்டத்துக்காரரு நம்ம போனப் பாத்துட்டாரு. மல்லி ஒத்த ரூவாயின்னதும், பறிச்சது போதும், வீட்டுக்குப் போங்கன்னு ஆளுகள அனுப்பிட்டாரு. நாந்தேன் ஓடிப் போயி கூட்டியாந்தேன்."

"அய்யோ, அது டெஸ்டுப்பா."

"எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியணும்ல?"

மொட்டு விரிந்துவிட்டால் மல்லிக்கு விலை கிடையாது. உடனே ஒட்டன்சத்திரத்துப் பெண்ணை அழைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, மொதல்ல உள்ள இருக்கிற அந்த நியூவ எடுத்துருங்க. அனுப்புற வேலை அந்தக் கிளாஸோடது இல்லீங்க. அனுப்புறது யாருன்னும் அதுக்குத் தெரிய வேண்டியதில்லீங்க. கன்ஸ்ட்ரக்டர்ல வெளிய இருந்து வாங்கிக்கட்டும். டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்னு தேடிப் படிங்க, ஃப்ரேம்வொர்க்கிலயே இருக்குதுங்க."

படித்தேன். பெயர்தான் மிரட்டலாக இருந்தது. ஒரு கிளாஸுக்குத் தேவையானதை அதுவே செய்துகொள்ளாமல், அது உருவாகும்போது வெளியிலிருந்து கையில் கொடுப்பது, அவ்வளவுதான். 'அனுப்பு' என்ற ஒரே செயலை வைத்து ஓர் இன்டர்ஃபேஸ், ஒப்பந்தம் மாதிரி ஒன்று, எழுதினேன். எஸ்எம்எஸ் அனுப்பும் கிளாஸ் அந்த இன்டர்ஃபேஸின்படி நடக்கும் என்று ஆக்கினேன். விலைக் கிளாஸ் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில், அனுப்பத் தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும் என்று மட்டும் எழுதினேன். நியூவை அழித்துவிட்டு ஓட்டினேன்.

சிவப்பாக எரர் வந்தது. அனுப்புபவராக எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றது, புரோகிராமைத் தாங்கி நடத்தும் ஃப்ரேம்வொர்க்.

சாப்பாட்டு நேரம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. பழைய புரோகிராமில் இந்த ஆப்ஜெக்ட் இந்த வரியில் பிறந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். இதில் யார், எப்போது செய்து கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது: நியூவை எடுத்தேனே தவிர, அந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அப்ளிகேஷன் தொடங்கும் இடத்தில் கன்டெய்னர் என்று ஒன்று இருந்தது. ஆப்ஜெக்டுகளைச் செய்து கொடுப்பது அதன் பொறுப்பு. 'அனுப்புபவரை யாராவது கேட்டால் எஸ்எம்எஸ் கிளாஸைக் கொடு' என்று அங்கே ஒரு வரி சேர்த்தேன். ஓடியது. எஸ்எம்எஸ் கிளாஸுக்கு வேண்டிய செட்டிங்ஸைக்கூடக் கன்டெய்னரே கோத்துக் கொடுத்துவிட்டது.

சோதனைக்கு ஒரு போலி அனுப்புபவரை எழுதினேன். அது எங்கும் அனுப்பாது. வந்த செய்தியை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வாசகம் சரியா என்று அதனிடம் கேட்டால் போதும். கனகாம்பரம் சரியாக வந்திருந்தது.

அதற்கடுத்த சில நாட்களில் அப்பா மறுபடி கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தானப்பா இருக்கேன். ஏன்?"

"இல்ல, ஒத்த ரூவா மெசேஜு வரவே இல்லையே. அது வந்துச்சுன்னா புள்ள சீட்டுல ஒக்காந்துட்டான்னு நெனச்சுக்குவேன். வேலைய விட்டுட்டியோன்னு ஒங்க அம்மா வேற கேட்டுக்கிட்டே இருக்கா."

இனி சோதனைச் செய்தி வராது, நிஜ விலை மட்டும்தான் வரும் என்று விளக்கினேன். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து அலுவலகப் படி ஏறும்போது ஒரு போன் போட்டுவிடுவேன். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை, சாப்பிட்டாச்சா என்பதோடு சரி.

அந்த மழைக்காலத்தில் வியாபாரிகள் புதிதாக ஒன்று கேட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலிலும் விலை போக வேண்டும். போனில் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் குரலில் விலை சொல்லும் கிளாஸ் ஒன்று எழுதினேன். யாருக்குக் குரல் வேண்டுமோ அவர்களுக்கு அதைக் கொடுக்கும்படி கன்டெய்னரில் மாற்றினேன். விலைக் கிளாஸில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஒட்டன்சத்திரத்துப் பெண் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்குதுங்க அக்கா" என்றாள். அன்று முழுக்க எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

முதல் குரல் அழைப்புக்கு அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அன்று சாயங்காலம் கேட்டேன், விலை வந்ததா என்று.

"வந்துச்சு. ஒரு பொண்ணு பேசுனா. சம்பங்கி என்ன வெலன்னு செத்த திருப்பிச் சொல்லும்மான்னு கேக்குறேன், காதுலயே வாங்காம மடமடன்னு சொல்லிட்டு வச்சுட்டா. மரியாத தெரியாத புள்ளையா இருக்கு."

மறுநாள் குரல் கிளாஸில், ஒவ்வொரு விலையையும் இரண்டு முறை, நிறுத்திச் சொல்லும்படி மாற்றினேன்.