மந்திரி ஆகாதவன் வீட்டில் அரை நாள்

என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அப்போது வேலை சிவகங்கைப் பக்கம், குடும்பம் செங்கல்பட்டில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள். வந்ததும் எங்கள் ஐந்து வயது மகள் அவளிடம் போகமாட்டாள். அரை மணி நேரம் என் காலைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அந்த அரை மணி நேரத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் இடமாற்றம் கேட்டு அலைந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்மேல் கொஞ்சமாவது இரக்கம் வரட்டும் என்று. மீதியெல்லாம் வெட்கக்கேடு.

எங்கள் காலனியில் என்னோடு வளர்ந்து, கல்லூரிக்கு என்னோடு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவன் இந்தத் தேர்தலில் எம்.எல்.ஏ. ஆனான். ஜெயித்த அன்று நான் போய்ப் பார்க்கவில்லை. மந்திரிசபைக்கு அவன் பெயர் அடிபடுகிறது என்று கேள்விப்பட்டதும் கடைக்குப் போய்ச் சால்வை வாங்கினேன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் அவன் வீடு. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பட்டியல் சென்னையிலிருந்து மதியத்துக்குள் வந்துவிடும் என்று பேச்சு. அதுவரை பொறுக்காமல் பந்தலிலேயே மந்திரிசபை அமைந்துகொண்டிருந்தது. மாவட்டத்துக்கு ஒன்று, பெண்களுக்கு இத்தனை, பழைய ஆட்களுக்கு இது, எந்தச் சாதிக்கு எது என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு ரெண்டாவது குடுத்தே ஆவணும். அண்ணாத்தைக்குக் கால்நடை, எழுதி வச்சிக்க."

"இன்னாபா, மாடு மேய்க்கவா ஓட்டுப் போட்டோம்? பெருசா வரும் பாரு."

நான் சுகாதாரம் கட்சி. பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற வாத்தியார், முன்பின் தெரியாதவர்களிடம் மல்லுக்கு நின்று சுகாதாரத் துறையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். மனு என் சட்டைப்பையில் இருந்தது.

பட்டியல் வரும்வரை யாரும் சால்வை போடக்கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அதனால் எல்லோரும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"டேய், நீ இன்னாடா வெளியாள் மாதிரி இங்க குந்திகினு கீற? உள்ள வா."

உள்ளறையில் அவன், அவன் மனைவி, நான். மூன்று பேர்தான். டீ கொடுத்தார்கள். மனைவியின் இடமாற்றத்தைச் சொன்னேன். "அத முதல்ல பண்ணிரலாம்" என்றான். "நீங்க மனசு வெச்சா முடியாததா" என்றேன். நீங்க! முப்பது வருஷமாக டா போட்ட வாய். அவன் சிரித்தான், அவன் மனைவி சிரிக்கவில்லை.

பட்டியல் போனில்தான் வந்தது. அவனே பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். கடைசிவரை போய், மறுபடி மேலே வந்தான். எங்கள் மாவட்டத்துக்குக் கொடுத்த ஒரே இடம் வேடந்தாங்கல் சாலையில் வீடு உள்ள இன்னொருவருக்கு, விவசாயக் குடும்பத்துக்காரருக்குப் போயிருந்தது. வெளியே எல்லோர் போனுக்கும் அது வந்திருந்தது. பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"வுடுடா, அடுத்த தபா பார்த்துக்கலாம்" என்றேன். டா எப்படித் தானாகத் திரும்பி வந்தது பாருங்கள்.

"பிரியாணி செஞ்சி வச்சிருக்கு. சாப்ட்டுப் போ" என்றான்.

"இல்லடா, பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டினு வரணும்."

மே மாதம். முழு ஆண்டு விடுமுறை. சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டில் என் தெருமுனையையும் தாண்டினேன். அங்கேயாவது வண்டியைத் திருப்பியிருக்கலாம். புது மந்திரி வீட்டில் வரிசை தெருவரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் பந்தலில் கால்நடை கேட்டவர். இருவரும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நான் மந்திரிக்குச் சால்வையைப் போட்டு, மனுவை நீட்டிய நேரத்தில் கூட்டம் விலகியது. அவன் வந்துகொண்டிருந்தான், பதவி கிடைக்காத எம்.எல்.ஏ. முதல் ஆளாக வாழ்த்தவில்லை என்றால் கோபித்துக்கொண்டான் என்று பேசுவார்கள், அதற்காக வந்திருக்கிறான். என்னைப் பார்த்தான். ஓடி ஒளிய அங்கே இடமில்லை.

அவன் நேராக வந்து என் தோளில் கை போட்டான்.

"அண்ணே, இவரு என் சிநேகிதரு. நான்தான் உங்களப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நர்ஸம்மா டிரான்ஸ்பர். கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க."

இவரு என்றான். மந்திரி மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுத்து, "நாளைக்கே பேசிரு" என்றார். திரும்பி நடக்கையில் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உத்தரவு வந்துவிட்டது. மனைவி இப்போது செங்கல்பட்டிலேயே வேலை பார்க்கிறாள். மகள் அவள் முந்தானையை விடுவதில்லை. நடந்ததை மனைவியிடம் சொல்லவில்லை. சிநேகிதன் சொல்லி மந்திரி செய்தார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்:

"அந்த அண்ணன் வூட்டுக்கு ஒரு எட்டு போய் நன்றி சொல்லிட்டு வந்துரலாமா? இன்னும் போவலியே நாம."

"அவன் மந்திரி இல்லியே" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். பின்னலைப் பாதியில் பிடித்தபடி அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.