மட்கார்டு மரியாதை

எங்கள் பக்கத்தில் டிராக்டரை ஓட்டுகிறவருக்கு இரும்பு சீட்டு. மரியாதைக்குரியவருக்குப் பின்சக்கரத்தின் மேலிருக்கும் மட்கார்டு. பெண்களும் பிள்ளைகளும் பின்னால் டிரெய்லரில். மட்கார்டில் பிடிமானம் கிடையாது, சாய்மானம் கிடையாது, வெயிலில் தோசைக்கல்லாகக் காயும். ஆனாலும் அது மேலே இருக்கிறது. மேலே இருப்பதெல்லாம் மரியாதை என்பது தஞ்சாவூர்ப் பக்கத்தின் எழுதாத சட்டம். எழுதிய சட்டம் வேறு என்று தெரிந்துகொள்ள என் வலது கால் ஒடிய வேண்டியிருந்தது.

தங்கையின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். கும்பகோணத்தில் என் பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு, மனைவியோடும் சீர்த்தட்டுகளோடும் பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தங்கையின் கணவர் டிராக்டரோடு காத்திருந்தார். தட்டுகளும் மனைவியும் டிரெய்லரில் ஏறின பிறகு நானும் அதிலேயே ஏறப் போனேன்.

"என்ன மச்சான் பண்றீங்க? ஊர்ல என்னைக் காறித் துப்புவாங்க. மேல வாங்க" என்று மட்கார்டில் ஒரு புதுத் துண்டை விரித்தார் மாப்பிள்ளை.

ஊர் எல்லையில் மேளம் சேர்ந்துகொண்டது. நான் சாமி மாதிரி போனேன். வாய்க்கால் மதகில் வண்டி ஏறி இறங்கியபோது துண்டு வழுக்கியது, கூடவே நானும். பின்சக்கரம் காலில் ஏறிவிட்டது. வலியில் நான் அலறிக்கொண்டிருக்க, "தாய்மாமன்டா, பார்த்து மரியாதையா தூக்குங்க" என்று யாரோ அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு மனைவியின் நகை மொத்தமும் அடகுக்குப் போயிற்று. "சீர் பத்தாதுன்னு காலையும் குடுத்துட்டு வந்துட்டாரு" என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள்.

என் வக்கீல் விஷயத்தை விளக்கினார். "ரோட்டுல நடந்து போனவர் மேல டிராக்டர் ஏறினா இன்சூரன்ஸ் கம்பெனி முழுசா குடுக்கும். ஆனா டிராக்டருக்கு ஒரே சீட்டுதான். மட்கார்டுல உக்காந்தவருக்கு பாலிசி கிடையாது. உங்க மாப்பிள்ளை தன் சொத்துலேருந்துதான் குடுக்கணும்." அவர் சொத்து என்பது ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை நிலம். என் தங்கை சாப்பிடும் சோறு அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே நான் நடந்தே வந்தேன் என்று முடிவாயிற்று. போலீசிலும் அப்படியே சொன்னோம். அதன்பிறகு மாப்பிள்ளை மேலும் இன்சூரன்ஸ் கம்பெனி மேலும் நான் வழக்குப் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா இருவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே கடையில் காபி குடித்தோம்.

கூண்டில் ஏறி நான் நடந்தேன், நடந்தேன், மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தேன். அடுத்து மாப்பிள்ளை ஏறினார். கம்பெனி வக்கீலும் நம்மூர்க்காரர்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க பொண்ணு காதுகுத்துதானே?"

"ஆமாங்க."

"தாய்மாமன் சீரோட வர்றாரு. அவரை வெயில்ல நடக்க விட்டுட்டு, நீங்க மட்டும் ஜம்முனு சீட்டுல உக்காந்து வந்தீங்க. உங்க வீட்டு வழக்கம் அதுதாங்களா?"

மாப்பிள்ளையின் மீசை துடித்தது. நான் இருமினேன். கண்ணைக் காட்டினேன். ஊன்றுகோலால் தரையைத் தட்டினேன்.

"யாருங்க நடக்க விட்டா? புதுத் துண்டு விரிச்சு மட்கார்டுல உக்கார வச்சேன்! எங்க வீட்ல தாய்மாமனை நடக்க விட்டதே இல்ல."

"அவ்வளவுதாங்க" என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனி தப்பித்தது. முழு நஷ்ட ஈடும் மாப்பிள்ளை தலையில் விழுந்தது. "அந்தாளு அப்படிக் கேட்டா நான் என்ன மச்சான் பண்றது?" என்றார் வெளியே வந்து. எனக்கு அவரை அறையலாம் போலக் கோபம். கூடவே, வெட்கம் கெட்ட பெருமையும் இருந்தது.

பணம் வராவிட்டால் நிலத்தை ஜப்தி செய்யலாம் என்றார் என் வக்கீல். தங்கை கடைக்கே வந்துவிட்டாள். அழவில்லை. "நிலத்தை ஜப்தி பண்ணிட்டு, அதே வாசல்ல அடுத்த சீரை எப்படிண்ணே இறக்குவீங்க?" என்று கேட்டாள். மனைவியைப் பார்த்தேன். "என் நகையை மட்டும் மீட்டுத் தரச் சொல்லுங்க" என்றாள் அவள். மாப்பிள்ளை டிராக்டரை விற்று நகையை மீட்டார். மீதியும் வந்துவிட்டதாக நான் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். என் கால்தான் திரும்பி வரவில்லை. ஒரு பக்கம் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறேன்.

அடுத்த வருஷம் இளையவளுக்குக் காதுகுத்து. பாபநாசத்தில் இறங்கினால் மாப்பிள்ளை ஒரு குடையோடு நிற்கிறார். தட்டுகளுக்கு லோடு ஆட்டோ பிடித்திருந்தார். டிரைவர் பக்கத்திலிருந்த ஒரே இடத்தைத் துண்டால் துடைத்து, "ஏறுங்க மச்சான்" என்றார். அதில் மனைவியை ஏற்றி அனுப்பிவிட்டு அவரோடு நடந்தேன். மதகு வந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஊரே பாக்குது மச்சான். உங்களை நடக்க விட்டுட்டேனே" என்றார்.

"கோர்ட்ல நடந்தேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் மாப்ள. இன்னிக்குத்தான் அதை உண்மையாக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. குடையை முழுக்க என் பக்கம் சாய்த்துவிட்டு, தான் வெயிலில் நடந்து வந்தார்.