இளம்பிள்ளையில் வெடித்த பேட்டரி

போன் வந்தபோது கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். "முருகேசண்ணா, லேப்டாப் வெடிச்சிருச்சுங்க. கோகிலாவுக்குக் கை வெந்துபோச்சுங்க" என்று ஒரு பெண் அழுதாள். இளம்பிள்ளையில் உள்ள சேலை டிசைன் யூனிட்டிலிருந்து பேசினாள். கோகிலா அங்கே டிசைன் போடுகிற பெண். அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் முழுக்க என் பொறுப்பு. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போவதற்குள் கோகிலாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேசை மீது மணலை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் கருகிய நாற்றத்தோடு, தொண்டையைப் பிடிக்கிற இன்னொரு வாடையும் இருந்தது. லேப்டாப்பில் டச்பேட் இருந்த இடம் ஓட்டையாகக் கிடந்தது.

போன் செய்த பெண்ணைக் கேட்டேன். "டச்பேட் தானா கிளிக் ஆய்க்கிட்டே இருந்துச்சுங்கண்ணா. கையால அழுத்தினா நின்னுக்கும். ஓனரும் அழுத்தி உட்டு ஓட்டுன்னாருங்க. இன்னைக்கும் கோகிலா அப்படித்தான் அழுத்துனா" என்றாள்.

அந்த மெஷினை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

சேலையில் நெய்கிற ஜக்கார்டு டிசைன் போடுவதற்கென்று ஓனர் தங்கவேல் வாங்கிய லேப்டாப்புகள் அவை. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட பெரிய மெஷின்கள். கூடவே செங்கல் மாதிரி இருநூற்று முப்பது வாட் சார்ஜர் வரும். கரண்ட் போனால் எல்லாச் சார்ஜரையும் சேர்த்து அங்கிருந்த இன்வெர்ட்டர் தாங்கவில்லை, டிரிப் ஆனது. ஓனர் ஒரு வழி கண்டுபிடித்தார். லேப்டாப்பில் யூ.எஸ்.பி-சி போர்ட்டும் இருக்கிறதே என்று, எல்லோருக்கும் அறுபத்தைந்து வாட் சின்ன சார்ஜர் வாங்கிக் கொடுத்தார். பெரிய சார்ஜர்கள் மாடிக்குப் போயின. இன்வெர்ட்டர் டிரிப் ஆகவில்லை. திரையிலும் சார்ஜ் ஆவதாகவே காட்டியது.

ஆனால் பெரிய டிசைனைத் திறந்தால் மெஷின் அந்தச் சார்ஜர் கொடுப்பதைப் போல இரண்டு பங்குக்கு மேல் இழுக்கும். மீதியைப் பேட்டரிதான் கொடுக்கும். வேலை நின்றால் ஏறும், தொடங்கினால் இறங்கும். நாள் முழுக்க அந்தச் சூட்டிலேயே இப்படி ஏறி இறங்கினால் பேட்டரி என்ன ஆகும்? உப்பும். கோகிலாவின் மெஷினில் டச்பேட் மேலே எழும்பியிருந்ததைப் பார்த்ததும் ஓனரிடம் சொன்னேன்.

"பேட்டரி உப்பிருச்சுங்க. இதை ஓட்டவே கூடாது. கழட்டிடறேன். பெரிய சார்ஜரைப் போட்டா பேட்டரி இல்லாமயே ஓடும்."

"கரண்ட் போனா செஞ்ச டிசைன் போயிருமில்லீங்க? தீவாளி ஆர்டர் கழுத்த நெரிக்குது. முடியட்டும், எல்லாத்தையும் மாத்திப்போடலாம்" என்றார். நான் மறுபடி சொன்னேன். அவர் மெஷினை என் கையிலிருந்து வாங்கிக் கோகிலாவின் மேசையில் வைத்தார்.

பேட்டரி வெடித்த அடுத்த வாரம் ஓனர் என்னை வரச் சொன்னார். கோகிலாவின் அப்பா பழனி உள்ளே உட்கார்ந்திருந்தார். தறி ஓட்டுகிறவர். ஓனர் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"அந்தப் புள்ள தன்ற போன் சார்ஜரப் போட்டுருச்சுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கறேன். யூனிட் மேல பழி உழுந்தா நாளைக்கு எந்தப் புள்ள வேலைக்கு வரும்?"

அவர் கெட்டவர் இல்லை. தூங்காத கண்ணோடுதான் நின்றார். நான் உள்ளே போனேன்.

பழனி எழுந்து நின்றார். "சாமி, என்ற புள்ள தப்பு ஏதாச்சும் பண்ணுச்சுங்களா? பண்ணியிருந்தா சொல்லிருங்க. நான் கேட்டுக்கறேன்."

"உங்க பொண்ணு மேல தப்பே இல்லீங்க" என்றேன். "சார்ஜர் யூனிட்ல குடுத்தது. பேட்டரி உப்புனது எனக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும்."

பழனி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஓனர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சரி, நீங்க போலாங்க" என்றார்.

ஆஸ்பத்திரிச் செலவை ஓனரே ஏற்றுக்கொண்டார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த யூனிட்டிலிருந்து எனக்குப் பிறகு போன் வரவில்லை. பக்கத்து யூனிட்டுகளும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. கோகிலாவையும் வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் வைத்தும் வலது கை விரல்கள் மடங்கவில்லை.

சர்வீஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சார்ஜர் பின் நுழைந்துவிட்டது, சார்ஜ் குறி வந்துவிட்டது என்று திருப்திப்படாதீர்கள். மெஷின் இழுப்பது எவ்வளவு, சார்ஜர் தருவது எவ்வளவு, நடுவில் அந்தக் கேபிள் தாங்குவது எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள். உப்பிய பேட்டரியோடு ஒரு மெஷினையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். சண்டை வந்தால் வரட்டும்.

தை மாதம் முடிந்து ஒரு நாள் கோகிலா கடைக்கு வந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்திருந்தாள்.

"அண்ணா, இடது கைக்குன்னு மவுஸ் தனியா விக்கிதுங்களா?"

"தனியா வேண்டாம்மா. பட்டனை மாத்தி வெச்சா இதுவே போதும்" என்று என் கம்ப்யூட்டரிலேயே மாற்றிக் கொடுத்தேன். உட்கார்ந்து ஒரு மாங்காய் புட்டா போட்டுப் பார்த்தாள். கோடு எங்கெங்கோ ஓடியது. அழித்தாள். மறுபடி போட்டாள். அதுவும் கோணல். என்னைத் திரும்பிப் பார்க்காமல், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்களாண்ணா?" என்றாள்.

"இரு சாமி" என்றேன்.