சங்காய மூட்டைகள்

கோழித் தீவனத்துக்குக் கருவாடு வாங்குகிறவன் கடலைப் பார்த்திருக்கிறானா என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை. எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் தீவன ஆலை ஒன்றில் சேர்ந்தபோது நானும் பார்த்ததில்லை. கடற்கரையிலிருந்து லாரி வந்ததும் மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்ததை முகர்ந்து, இறக்குவதா திருப்புவதா என்று சொல்வதுதான் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாசத்தோடு வீட்டுக்குப் போனவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

முட்டை

ஒருமுறை கலவையில் கருவாடு கூடிப்போனது. தவறு என்னுடையது. சில நாள் கழித்து எருமப்பட்டிப் பண்ணைக்காரர் ஒருவர் தூக்குப்போசியில் ஐந்தாறு அவித்த முட்டையோடு வந்து, ஒன்றை உரித்து என் மூக்கருகே நீட்டினார். மீன் வாசம் அடித்தது. ஆலையே சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "ஏனுங்க, எங்கூட்டுக் கோழி எப்பங்க கடலுக்குப் போயிட்டு வந்துச்சு?"

சல்லடை

மூட்டைக்குள் இருந்த மீன் வருஷத்துக்கு வருஷம் சிறுத்தது. முதலில் விரல் நீளம். பிறகு அதில் பாதி. எண்பதுகளின் நடுவில் நகத்தளவு. போக்குவரத்தில் நொறுங்குகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கருவாட்டில் மணல் சலிக்கும் செல்லம்மாவுக்கு என் வயதுதான். கண் என்னைவிடக் கூர்மை. ஒரு நாள் முறத்தில் சிலதைத் தனியாகப் பொறுக்கி வைத்துக் காட்டினார். வாலும் வாயும், செவ்வாய்ப்பேட்டைக் கடையில் முழ நீளத்துக்குத் தொங்கும் கருவாட்டின் அதே அச்சு. செல்லம்மா சொன்னார்: "இது பொடி மீன் சாதி இல்லீங்க சாமி. வளரவே உடாம வாரிட்டு வந்திருக்காங்க."

திருப்பிய லாரி

அந்த வாரம் வந்த லாரியைத் திருப்பினேன். தரம் போதாது என்று எழுதினேன். பயம் என்று எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை. இரண்டே நாளில், சரக்கு அனுப்பும் அந்தோணி அதே லாரியில் ஏறி வந்து இறங்கினார். தூத்துக்குடிப் பக்கத்து மீனவர். இரண்டு மகன்களும் கடலுக்குத்தான் போகிறார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பொடிசைச் சங்காயம், எதற்கும் ஆகாத கழிசல் என்று கடலிலேயே தள்ளிவிடுவார்களாம். கோழிக்கு வேண்டும் என்று நாங்கள் கேட்க ஆரம்பித்ததும் வலைக் கண் சுருங்கிவிட்டது. அடிமண்ணோடு அரித்து இழுக்கிறார்கள். மகன்கள் காலத்துக்கு எதுவும் மிஞ்சாது என்று அவரே சொன்னார். பிறகு ஏன் கொண்டுவருகிறீர்கள் என்றேன். "நீங்க எல்லாருமா நிறுத்துங்க சார், நானும் நிறுத்துறேன். நீங்க மட்டும் திருப்புனா, பக்கத்து ஆலைக்காரர் வாங்கிக்கிடுவார்."

கரை

இறக்கச் சொல்லிவிட்டேன். கொட்டகைகளில் கோழிகள் காத்திருந்தன, முதலாளியும். அந்த மாதமே லீவு போட்டு, ஐம்பதைத் தொடும் வயதில் முதல்முறையாகக் கடலைப் பார்க்கப் போனேன். வற்றிய ஏரி போல ஏதோ தெரியும் என்று நினைத்திருந்தேன் போல. அது கரைமுட்டத் ததும்பிக்கொண்டிருந்தது. அதுதான் என்னை நடுங்க வைத்தது. ஏரி வற்றினால் ஊரே பார்க்கும், இது?

மணலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கடல் நிறைந்துதானே இருக்கிறது என்று கேட்டேன். ஆமாம் என்று யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது. அவர் தலை நிமிரவில்லை. "தண்ணி நெறஞ்சுதான் இருக்கு. வலையப் போட்டாத்தான தெரியும்."

ஊர் திரும்பிய மறுநாள் வந்த லாரியையும் இறக்கச் சொன்னேன். பயந்தவன் நிறுத்திவிடுவான் என்பதெல்லாம் பயப்படாதவர்களின் நம்பிக்கை.