விசில் ஊதிய கண்டக்டர்

கண்டக்டருக்கு விசில் என்றால் உயிர். இரண்டு முறை ஊதினால் வண்டி கிளம்பும், ஒரு முறை ஊதினால் நிற்கும். இருபது வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. விடிந்தால் சளி, நாலு படி ஏறினால் இளைப்பு. விசிலை வாயில் வைத்தால் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. வேறு வழியில்லாமல் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். கூட்டாளி டிரைவரும் மூச்சுக் காட்டாமல் வண்டியை எடுப்பார். மூன்று வருடம் குட்டு வெளிப்படவில்லை.

ஒருநாள் படியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். மேலாளர் ஆறு மாத விடுப்பு கொடுத்தார். அதற்குள் தேறாவிட்டால் காலம் முழுக்க டெப்போவில் மேசை வேலைதான். கண்டக்டர் ஆடிப்போனார்.

ஆஸ்துமா என்று நம்பி இன்ஹேலரை இழுத்து இழுத்து அலுத்துப் போயிருந்தார். மனுஷர் அடித்த கூத்து என்னவென்றால், நெஞ்சுக்கு ஒரு டாக்டர், தீராத மூக்கடைப்புக்கு இன்னொரு டாக்டர். ஒருவர் ஃபைலை மற்றவர் கண்ணில் காட்டியதே இல்லை. ரூட் வேறென்றால் டிக்கெட்டும் வேறு என்பது அவர் நியாயம்!

இந்த முறை புது டாக்டரம்மாவின் மேசையில் மனைவியே இரண்டு ஃபைலையும் பொத்தென்று போட்டாள். டாக்டரம்மா இரண்டையும் படித்துவிட்டு நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தில் துளிர்விட்ட குச்சி மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

"இது ஆஸ்துமா இல்லைங்க. நுரையீரல்ல ரொம்பச் சின்னக் குழாயெல்லாம் வீங்கி அடைச்சிருக்கு. மூக்கும் நெஞ்சும் ஒரே வியாதிதான். ஆன்டிபயாடிக் கம்மி டோஸ்ல, மாசக்கணக்கா சாப்பிடணும்."

"அதெல்லாம் அஞ்சு நாள்தானே டாக்டர்?"

"இது வீக்கத்தை அடக்க. பாதியில நிறுத்தினா பழைய கதைதான்."

இரண்டாம் மாதம் இருமல் அடங்கியதும் மாத்திரைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்த்தார். "கடைசி ஸ்டாப் வராம வண்டியைத் திருப்பிடுவீங்களோ?" என்று மனைவி ஒரு போடு போட்டாள். மனுஷர் அப்போதே மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

ஆறாம் மாதம் மூச்சின் பலத்தை அளக்கும் ஊதும் பரிசோதனையில் தேறினார். மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நெரிசலான காலை நேரம், வண்டி நிறைய ஆட்கள். கண்டக்டர் விசிலை இரண்டு முறை ஊதினார். பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. வண்டி மட்டும் அசையவில்லை.

"என்னய்யா, காதுல விழலையா?"

"விழுந்துச்சுப்பா." டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு வருஷமா தட்டினாத்தானே எடுக்குறேன். பழக்கதோஷம், இன்னும் தட்டலையேன்னு இருந்துட்டேன். எங்க, இன்னொரு தடவை ஊது."

கண்டக்டர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இருமல் வரவில்லை. சந்தோஷம் தாங்காமல் இன்னும் பலமாக ஊதினார். வண்டி கிளம்பியது.