நாகராஜ் பார்த்து அனுப்பிய ஃபைல்

காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் மானிட்டர்களைத் துடைப்பது நாகராஜின் வேலை. கூட்டிப் பெருக்க வேறு ஆள் உண்டு. மானிட்டரில் மட்டும் அவர் யாரையும் கைவைக்க விடமாட்டார். அன்று பெரிய மானிட்டரின் ஓரத்தில் ஒரு கறை இருந்தது. மெல்லிய துணியால் துடைத்தார். லேசாக ஈரம் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. கொஞ்சம் விலகி நின்று பார்த்தபோது கறை சுவருக்கு வந்தது. தலையைத் திருப்பினால் கதவுக்குப் போயிற்று. துணியை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சர்க்கரை வந்து பல வருஷமாயிற்று. "கண்ணக் காட்டிட்டு வாங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதது? பொண்டாட்டி மூஞ்சி தெரிஞ்சாப் போதும்னு இருக்கியளோ?" என்று விஜயராணி வீட்டில் கேட்பாள். அதுவும் தெரியாமல் போனால் தனக்கு நல்லதுதான் என்று சிரித்து மழுப்பிவிடுவார். டாக்டர் வாயால் வராதவரை அது வெறும் அசதி என்று வைத்துக்கொண்டிருந்தார்.

மாட்டுங்காவில் லேபர் கேம்ப் என்கிற தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். கல்யாண வீடுகளில் வீடியோக்காரருக்கு லைட் பிடித்துக்கொண்டு நின்றதுதான் தொடக்கம். அப்புறம் கேசட்டில் காப்பி போடுவது, அப்புறம் எடிட்டிங். செம்பூரில் பத்ரி ஸ்டுடியோ போட்டபோது கூடவே வந்தவர். பத்ரி மாட்டுங்காவில் பாலக்காட்டுக் குடும்பம், வயதில் இளையவர். எடிட்டிங் முடிந்த படத்தைக் கடைசியில் ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணி எடுப்பதும், அதை முதலிலிருந்து முடிவுவரை உட்கார்ந்து பார்ப்பதும் நாகராஜின் பொறுப்பு. அந்த ஃபைல்தான் மாஸ்டர். போனுக்கும் பென்டிரைவுக்கும் போகிறதெல்லாம் அதிலிருந்து எடுக்கிற காப்பிதான். மாஸ்டரில் பிசகினால் எல்லாவற்றிலும் பிசகும்.

எந்தப் படத்துக்கு எந்த செட்டிங் என்பதில் அவருக்கு ஒரு நிதானம் இருந்தது. காமிராவே பிடிக்காத தரத்தை எக்ஸ்போர்ட்டில் கேட்கிறவர்களை, ஒரு தம்ளர் தண்ணிக்கு எதுக்கு டேங்க் வாங்குதிய என்று கிண்டல் பண்ணுவார். கொஞ்ச நாளாக அவரே டேங்க் வாங்க ஆரம்பித்திருந்தார். இரண்டு செட்டிங்கில் எடுத்து அடுத்தடுத்து ஓட்டினாலும் வித்தியாசம் பிடிபடவில்லை. அதனால் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துவிடுவார். குறை என்று யாரும் சொல்ல முடியாதல்லவா. ஹார்ட் டிஸ்க் இப்படி நிறைகிறதே என்று பத்ரி கேட்டதற்கு, இப்போதெல்லாம் எல்லாரும் பெரிய திரை கேட்கிறார்கள் என்று சமாளித்தார்.

ஹரிதா என்ற பெண்ணின் நடனப் படம் வந்தது. தாணேயில் ஒரு அரங்கில் பெரிய திரையில் போடப்போகிறார்கள். காமிராவிலிருந்து வந்த அசல் காட்சிகள் கனமானவை, கம்ப்யூட்டர் திணறும். அதனால் எடிட் பண்ணும்போது அவற்றின் லேசான நகல்களை வைத்து வேலை செய்வார்கள். எக்ஸ்போர்ட்டில் அசலுக்கு மாற வேண்டும். செட்டிங்கில் நகலுக்கு என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். நாகராஜ் எடுக்கவில்லை. மற்றதெல்லாம் உச்சத்தில் இருந்ததால் ஃபைல் மலை மாதிரி வந்தது, உள்ளே இருந்ததோ மங்கலான நகல். அவர் முழுசும் உட்கார்ந்து பார்த்தார். ஃபைலின் கனத்தை நம்பி, சரி என்று அனுப்பினார்.

தாணேயில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஹரிதாவின் அம்மா பாகீரதி போன் பண்ணினாள். பெண்ணுக்கு இமை முடியே காணோமாம், புடவை ஜரிகை மஞ்சளைக் கரைத்து ஊற்றின மாதிரி இருக்கிறதாம். பத்ரி செட்டிங்கைத் திறந்தார். டிக்கைப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் போட்டார்.

"டிக் மறந்தது போகட்டும் நாகராஜ், யாருக்கும் வரும். ஆனா நீங்க பாத்துட்டுத்தானே அனுப்பினேள்?"

"அவசரத்துல கவனிக்கல சார்."

"முழுசும் பாத்தேன்னு சொன்னேளே."

நாகராஜ் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் சரியில்லாத ஆளை எந்த ஸ்டுடியோவிலும் இந்த நாற்காலியில் வைத்திருக்க மாட்டார்கள். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

புது ஃபைல் தயாரானதும் பத்ரி இரண்டையும் ஒரே மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஹரிதாவின் முகத்தில் நிறுத்தினார்.

"இதுல எது புதுசு?"

தன்னையறியாமல் நாகராஜ் முன்னால் குனிந்தார். பத்ரி அதைக் கவனிக்கிறார் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது ஹரிதாவில் இமை முடியைத் தேடினார். வலது ஹரிதாவில் தேடினார். ஜரிகைக்கு வந்தார். மவுஸின் அம்பு இடது பக்கம் நின்றிருந்தது. மனிதர் நல்ல பக்கத்தில்தான் கையை வைத்திருப்பாரோ? இல்லை, வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறாரோ? நேரம் ஆக ஆக, நேரம் ஆவதே ஒரு பதில் மாதிரி இருந்தது.

"இடது" என்றார்.

பத்ரி மானிட்டரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து மேஜையிலிருந்த தன் போனை எடுத்துக்கொண்டார்.

"சரிதானே சார்?"

பத்ரி கதவைத் திறந்து வெளியே போனார்.