துண்டுக்காரருக்கு ஒரு வசனம்

"எங்க வீட்டு பாய்லரைப் பார்த்தது நீங்கதானே?" என்று கேட்டாள் சூப்பர் மார்க்கெட்டில் தயிர் அடுக்கருகே நின்ற பெண்.

"ஆமாம்மா. இப்ப எப்படி ஓடுது?" என்றார் கிளைவ் ஹெப்பிள்.

"ராத்திரியில சத்தம் போடுது."

"அது கொஞ்ச நாளைக்குப் போடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, வெண்ணெய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். எந்த பாய்லரின் உட்புறத்தையும் அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஸ்டாக்போர்ட் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், யாரென்றுதான் தெரியாது. நாற்பத்தொரு வருடங்களாகத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் வந்து போகிறார். தபால் நிலைய வரிசையில் இரண்டாவதாக நிற்பவர், மழையில் நனைந்த பாதிரியார், வீடு மாறிக் கதவைத் தட்டும் பியானோக்காரர் எல்லாம் அவர்தான். பார்த்தவர்களுக்கு முகம் நினைவிருக்கிறது, எங்கே பார்த்தோம் என்பது நினைவில்லை. ஆளுக்கொரு தொழிலை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். கிளைவ் எதையும் மறுப்பதில்லை. ஒருமுறை சவப்பெட்டி தூக்குபவராக வந்தார். அதைப் பார்த்த ஒரு அம்மாள், தன் தகப்பனாரை அடக்கம் செய்தவர் இவரே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா ஒரு தொந்தரவும் குடுக்கலைம்மா" என்றார். அவள் நிம்மதியாகப் போனாள்.

இப்போது ஆறு வருடங்களாக ஒரே தொடர். நகராட்சி நீச்சல்குளம் ஒன்றில் நடக்கும் கதை. தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக வந்து, தண்ணீர் சில்லென்றிருக்கிறது என்று மேலாளரிடம் புகார் சொல்லிவிட்டுப் போவார். பாத்திரத்துக்குப் பெயரில்லை. ஸ்கிரிப்டில் 'துண்டுக்காரர்' என்றிருக்கும். ஆனால் அந்த மனிதர் மனைவியை இழந்தவர், ரயில் நிலையத்தில் பெட்டி படுக்கைகளைப் பார்த்துக்கொண்டவர், நீந்தவே தெரியாதவர், பேச்சுத் துணைக்காகக் குளத்துக்கு வருபவர் என்பதெல்லாம் கிளைவுக்குத் தெரியும். எழுதுகிறவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கேட்டதுமில்லை. அந்தத் துண்டை அவரே வீட்டில் துவைக்கிறார். ஐம்பது தடவை துவைத்தால்தான் அது அந்த ஆளுடைய துண்டு ஆகும் என்பது அவர் கட்சி.

"பேசறதை யாரு வேணா கத்துக்கலாம். நிக்கிறதுதான் வேலை" என்பார்.

அது உண்மை. படப்பிடிப்பு நாளில் ஸ்டுடியோவில் நேரில் பார்க்க முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சிரிக்கும்போது நடிகர் வாயைத் திறந்தால், என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகச் சிரிப்பை விழுங்கிவிடுவார்கள். ஆகவே சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அது முழுக்க ஓய்வதற்கு ஒரு நொடி முன்னால் பேச வேண்டும். அந்த ஒரு நொடி கிளைவுக்குத் தப்பியதே இல்லை. பெரும்பாலும் அது அடுத்தவர் வசனத்துக்கு வந்த சிரிப்பு.

மனைவி ஜாய்ஸின் அக்கா நோர்மாவும் இதையேதான் சொல்கிறாள், வேறு தொனியில். கிரிம்ஸ்பியில் மீன் கடை வைத்திருந்தவள். முப்பது வருடங்களாகத் தங்கை கணவரைப் பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான்: "நல்லாத்தான் நிக்கிறாரு."

சென்ற மாதம் நோர்மா ஒரு வாரம் தங்க வந்தாள். அதே வாரத்தில், ஆறு வருடங்களில் முதன்முறையாக, துண்டுக்காரருக்கு ஒரு நகைச்சுவை வசனம் எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. மூன்றாம் வரிசையில் சகோதரிகளுக்கு இரண்டு இடம். சனிக்கிழமை காலை நோர்மாவுக்கு ரயில்.

"மாப்ளே, பேசப் போறீங்களாமே! தொண்டைக்கு ஏதாச்சும் கலந்து தரட்டுமா?"

"வேணாம். ஒரு வரிதான்."

"பார்த்து. பழக்கமில்லாத வேலை."

காட்சி இதுதான். சுகாதார அதிகாரியைத் தெரியாமல் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்ட மேலாளர் வாசலை மறித்து நிற்கிறார். உள்ளே இருப்பவருக்குக் கதவிடுக்கு வழியே ஏற்கெனவே சோப்பைக் கொடுத்துவிட்ட துண்டுக்காரர் வருகிறார். மேலாளர், "உள்ள யாரும் இல்ல" என்கிறார். துண்டுக்காரர் கேட்கிறார்: "அப்ப என் சோப்பை வாங்கிக்கிட்டது யாரு?"

மேலாளராக நடித்தவன் ரோரி பென்வித், முப்பத்திரண்டு வயது. பழைய மேலாளர் விலகியதால் புதிதாக வந்தவன். பழையவரே தேவலை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. நான்கு நாள் ஒத்திகையிலும் அவன் வரிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. டீ கொண்டுவந்த அம்மாள்கூட.

"மூணு நிமிஷம் நீளமா இருக்கு. வெள்ளிக்கிழமையும் சிரிப்பு வரலைன்னா இந்தக் காட்சியைத் தூக்கிடுவேன்" என்றாள் தயாரிப்பாளர் பிலிப்பா.

ரோரியின் வரிக்கு என்ன குறை என்பது செவ்வாய்க்கிழமையே கிளைவுக்குப் புரிந்துவிட்டது. அவன் வாய் திறக்கும் முன்பே துண்டுக்காரர் சோப்பு டப்பாவைத் திறந்து, காலியாக இருப்பதையும் பூட்டிய கதவையும் பார்த்துவிட வேண்டும். பார்க்கிறவர்களும் பார்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் "உள்ள யாரும் இல்ல" என்றால் கூரை பறக்கும். ஒரே சங்கடம்: சோப்பு எங்கே போயிற்று என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு, சோப்பைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட யோசனைகளை நாற்பத்தொரு வருடங்களாகக் கேட்காமலேயே வழங்கி வந்தவர், இதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டார். காட்சி ஒளிபரப்பாகாவிட்டால் என்ன, நோர்மா நேரில் கேட்டுவிடுவாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சோப்பை யார் வாங்கியது என்று சுவரிடம் விசாரித்தார். ஜாய்ஸ் பாத்திரங்களைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை முதல் டேக்கில் ரோரி, "உள்ள யாரும் இல்ல" என்றான். முந்நூறு பேரும் அதை நம்பியதுபோல் அமைதியாக இருந்தார்கள். அவனுக்கு முகம் வெளிறியது. கிளைவுடைய வரிக்குக் காத்திராமல் அடுத்த வசனத்துக்குத் தாவிவிட்டான். நிறுத்தினார்கள். மறுபடி எடுக்க வேண்டும்.

"செத்தேன், கிளைவ். அவங்க என்னைப் பார்க்கவே மாட்டேங்கிறாங்க" என்று கிசுகிசுத்தான்.

"தம்பி, அவசரப்படாத. நான் டப்பாவை மூடினதும் பேசு."

"எந்த டப்பா?"

கேமரா ஓடத் தொடங்கிவிட்டது.

துண்டுக்காரர் வந்தார். தோளில் துண்டைச் சரிசெய்தார். டப்பாவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். கவிழ்த்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பூட்டிய கதவைப் பார்த்தார். டப்பாவை மெதுவாக மூடினார்.

"உள்ள யாரும் இல்ல" என்றான் ரோரி.

வெடித்தது. பிலிப்பா பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்குப்படி இருபத்துமூன்று விநாடிகள். அடங்கப் பார்க்கையில் எவரோ விசில்போல் மூச்சிழுக்க, மறுபடி ஏறியது. ரோரி முகத்தில் ரத்தம் திரும்பியது. கிளைவ் வசனத்துக்காக வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார்; துண்டோடு வந்த வழியே போனார். அதற்கும் சிரித்தார்கள்.

முடிந்து எல்லாரும் கிளம்புகையில், நடைபாதையில் கோட்டு மாட்டும் இடத்தில் சகோதரிகள் நின்றிருந்தார்கள். நோர்மாவின் கண்ணில் இன்னும் நீர்.

"அந்தப் பையன் பொல்லாதவன்டி! எப்படி முகத்தை வச்சுக்கிட்டுச் சொன்னான்! ஆமா மாப்ளே, உங்க வரி எங்க?"

"வெட்டிட்டாங்க" என்றார் கிளைவ். "நேரமில்லையாம்."

ஜாய்ஸ் அவரைப் பார்த்தாள்.

"போனாப் போகுது. நல்லாத்தான் நின்னீங்க" என்றாள் நோர்மா. கிளைவ் அவளுடைய கோட்டை விரித்துப் பிடித்தார். ஒரு கையை நுழைத்தவளுக்கு மறுபடி நினைவு வந்துவிட்டது. "உள்ள யாரும் இல்லையாம்!" என்று சுவரில் சாய்ந்து குலுங்கினாள்.

மறுகையைக் காற்றில் விட்டுவிட்டு அவள் சிரிக்க, கிளைவ் கோட்டை அப்படியே பிடித்தபடி அசையாமல் நின்றார். ஏறவிட்டார். உச்சிக்குப் போகவிட்டார். அது முழுக்க ஓய்வதற்கு ஒரு நொடி முன்னால், மற்றக் கைக்கு வாகாகக் கோட்டைத் தூக்கிக் கொடுத்தார்.